லினக்ஸ் கணினியில் காணொளி வகுப்பு: நிறுவுவதா, உலாவியில் திறப்பதா?



இலக்கணமும் இலக்கியமும் பேசப்பெறும் மேடையில் ஒரு கணினிச் செய்தியைப் பேச வந்திருக்கிறேன். ‘இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?’ என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் எண்ணியிருக்கலாம். 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள், கொவிட்-19 பரவலை ஒட்டி, சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அந்நாளில் தமிழ் வகுப்பும் கணினித் திரைக்குள் சென்றது. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. ஆயினும் துணைப்பாட வகுப்பு, பேச்சுப்போட்டிப் பயிற்சி, பெற்றோர் சந்திப்பு, எழுத்தாளர் கூட்டம் என்று காணொளிச் சந்திப்பு நம்மோடு தங்கிவிட்டது. அவ்வகுப்புக்கும் ஒரு கதவு உண்டு. அக்கதவு மென்பொருளால் ஆனது. அது எல்லா மாணவர்க்கும் ஒன்றுபோலத் திறக்கிறதா என்று கேட்பது ஆசிரியரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் மாணவரின் நிலை. லினக்ஸ் என்றவுடன், கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் பொறியாளர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்தப் படம் பழையதாகிவிட்டது. பள்ளிகளில் பலர் கையில் வைத்திருக்கும் குரோம்புக் கணினியின் உட்கரு லினக்ஸ்தான். மற்றொரு வகையினரும் இருக்கின்றனர். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய மையச் செயலகத்தையும் கேட்கிறது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் எத்தனையோ மடிக்கணினிகள் அந்த வாசலில் நின்றுவிட்டன. அவற்றில் உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற ஒன்றை ஏற்றினால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அண்ணன் பயன்படுத்திய கணினி தம்பிக்கு வரும் வீடுகளில் லினக்ஸ் நுழைவது இவ்வழியில்தான். ஆகவே இது பொழுதுபோக்காளரின் சிக்கலன்று. புதுக்கணினி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையின் சிக்கலும் ஆகும்.

அப்பிள்ளைக்கு ஆசிரியரிடமிருந்து ஓர் இணைப்பு வருகிறது. சொடுக்கினால், ‘செயலியைப் பதிவிறக்குக’ என்று ஒரு பக்கம் திறக்கிறது. பதிவிறக்க வேண்டுமா, அல்லது உலாவியிலேயே சேர்ந்துவிடலாமா? என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. முதல் வகையை ‘நிறுவு பதிப்பு’ என்றும், இரண்டாவதை ‘உலாவிப் பதிப்பு’ என்றும் இவ்வுரையில் குறிப்பிடுகிறேன்.

இக்கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துருவைப் பதிவிறக்கி நிறுவினால்தான் அந்தத் தளத்தின் தமிழ் தெரியும். இல்லையேல் திரை முழுவதும் புரியாத குறிகள். பத்துத் தளங்களைப் படிக்கப் பத்து எழுத்துருக்கள். நூலகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லை. ஆகவே அங்கே தமிழ் இல்லை. இந்நிலையை மாற்றச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் போன்றோர் உழைத்தது நம் வட்டாரத்தின் பெருமை. 1999 இல் சென்னையில் நடந்த மாநாடு எழுத்துருக் குறியீடுகளை ஒழுங்குபடுத்த முயன்றது. பின்னர் யூனிகோடு பரவியது. இன்று எந்த மாணவரும் தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதற்காக எதையும் நிறுவுவதில்லை. எழுத்துக்கான பொதுத்தரம் இயங்குதளத்துக்குள்ளேயே அமைந்துவிட்டதுதான் காரணம்.

காட்சிக்கும் ஒலிக்கும் அதே மாற்றம் சற்றுப் பிந்தி நிகழ்ந்தது. முன்பு உலாவிக்குக் கேமராவைத் தொடத் தெரியாது. அடோபி ஃபிளாஷ் போன்ற ஒரு செருகுநிரலை நிறுவினால்தான் முகம் தெரியும். ஆகவே பேச விரும்பியவர்கள் 2003 இல் வெளிவந்த ஸ்கைப் போன்ற தனிச் செயலிகளை நாடினர். 2010 இல் கூகுள் நிறுவனம் ‘குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ்’ என்னும் நிறுவனத்தை வாங்கியது. எதிரொலியை நீக்குவது, இணையம் தடுமாறும்போது ஒலி அறுபடாமல் காப்பது ஆகிய நுட்பங்கள் அந்நிறுவனத்திடம் இருந்தன. அவற்றை 2011 இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. ‘வெப்ஆர்டிசி’ என்று பெயர் பெற்ற அந்நுட்பம் உலாவிகளுக்குள் புகுந்தது. 2021 சனவரி 26 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. கேமராவும் ஒலிவாங்கியும் உலாவியின் சொந்த உறுப்புகளாயின. கூகுள் மீட் நிறுவு பதிப்பே இல்லாமல் கணினியில் இயங்குவதும், ஜிட்சி மீட் ஓர் இணைப்பைச் சொடுக்கியவுடன் திறப்பதும் இதனால்தான்.

அப்படியானால் நிறுவு பதிப்பு ஏன் இன்னும் இருக்கிறது? பெரும்பாலோர் எண்ணுவது, நிறுவு பதிப்பு உறுதியானது, உலாவிப் பதிப்பு அதன் நிழல் என்பது. விண்டோஸிலும் மேக்கிலும் அவ்வெண்ணத்துக்குச் சிறிது நியாயம் உண்டு. லினக்ஸில் நிலைமை வேறு. அங்கே நிறுவு பதிப்பு எனப்படும் பொருளைத் திறந்து பார்த்தால், பல நேரங்களில் அதனுள்ளே ஓர் உலாவிதான் அமர்ந்திருக்கிறது.

‘எலக்ட்ரான்’ என்னும் கட்டமைப்பு 2013 இல் கிட்ஹப் நிறுவனத்தில் உருவானது. வலைப்பக்கமாக எழுதிய ஒரு நிரலை, குரோமியம் உலாவியோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி, தனிச்செயலி போலத் தோன்றச் செய்வது அதன் வேலை. நிறுவனங்களுக்கு இது பெரும் வசதி. ஒரே நிரலை எழுதி மூன்று இயங்குதளங்களுக்கும் கொடுத்துவிடலாம். லினக்ஸுக்கென ஆள் வைத்து எழுத விரும்பாத நிறுவனங்களும் இவ்வழியாகத்தான் லினக்ஸுக்கு வந்தன. ஸ்கைப்பின் பிற்காலப் பதிப்பும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் லினக்ஸ் பதிப்பும் இவ்வகையின. ஸூம் இதற்கு விலக்கு. அது தன் லினக்ஸ் செயலியைத் தனியாகவே எழுதியிருக்கிறது.

எலக்ட்ரான் செயலியை நிறுவும் மாணவர், ஏற்கெனவே இருக்கும் உலாவியோடு இரண்டாவது உலாவி ஒன்றையும் தம் கணினியில் ஏற்றுகிறார். நினைவகம் நான்கு கிகாபைட் மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் இது சிறிய சுமையன்று. சுமையைவிடக் கவலைக்குரியது வேறொன்று. உலாவிகளில் பாதுகாப்புக் குறைகள் அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகின்றன. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அவற்றை விரைவாகத் திருத்திப் புதிய பதிப்பு தருகின்றன. செயலிக்குள் கட்டுண்டிருக்கும் உலாவியோ, அச்செயலியின் நிறுவனம் மனம் வைத்தால்தான் புதுப்பிக்கப்படும். சில நிறுவனங்கள் தங்கள் பொதியை லினக்ஸின் வழக்கமான மென்பொருள் களஞ்சியத்தின் வழியே தராமல், வலைத்தளத்தில் மட்டும் வைக்கின்றன. ஒவ்வொரு முறையும் பயனரே போய் எடுத்து வர வேண்டும். யார் எடுத்து வருகிறார்கள்? ஈராண்டுக்கு முன் நிறுவியது அப்படியே கிடக்கும், கேமராவையும் ஒலிவாங்கியையும் தொடும் உரிமையோடு.

‘நிறுவுதல்’, ‘நிறுவனம்’ ஆகிய இரண்டும் ஒரே வேரிற் பிறந்தவை. இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நிறுவு பதிப்பின் ஆயுள் நிறுவனத்தின் கையில்தான் உள்ளது. ஸ்கைப்பின் வரலாற்றைப் பாருங்கள். லினக்ஸுக்கான பழைய செயலியின் 4.3 ஆம் பதிப்பு 2014 இல் வந்தது. அதற்கிடையில் ஸ்கைப் மைக்ரோசாஃப்ட் வசம் சென்றிருந்தது. அதன்பின் ஈராண்டுகள் அசைவில்லை. 2016 இல் புதிய செயலியின் சோதனைப் பதிப்பு வெளியானது. 2017 சூலையில் பழைய செயலி அழைப்பை ஏற்காமல் நின்றுபோனது. 2025 மே 5 அன்று ஸ்கைப் சேவையே மூடப்பட்டது. டீம்ஸின் கதை இன்னும் சுருக்கம். 2019 டிசம்பரில், அலுவலகத் தொகுப்பிலிருந்து லினக்ஸுக்கு வரும் முதல் செயலி என்ற அறிவிப்போடு அதன் முன்னோட்டப் பதிப்பு வந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2022 இறுதியில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது, உலாவியின் வழியே இயங்கி, தனிச் சாளரமும் சின்னமும் கொண்டு செயலிபோலத் தோன்றும் ஒரு வடிவம். சுருங்கச் சொன்னால், நிறுவு பதிப்பு போய் உலாவிப் பதிப்பு நின்றது.

நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பயனர் குறைவான தளத்துக்கு ஒரு நிறுவனம் எவ்வளவு செலவிடும் என்பதற்கு எல்லை உண்டு. ஆனால் ஆசிரியர் ஒருவர் ஆண்டுத் திட்டம் வகுக்கும்போது, எது நிலைத்திருக்கும் என்று பார்த்துத்தான் வகுக்க வேண்டும்.

இனி, திரைப் பகிர்வு. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். லினக்ஸில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் தடுமாறும் இடமும், நிறுவு பதிப்புக்கும் உலாவிப் பதிப்புக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படும் இடமும் இதுவே.

லினக்ஸின் திரையை நெடுங்காலம் ஆண்டது ‘எக்ஸ்’ என்னும் சாளர முறை. அது 1984 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. அதன் பதினொன்றாம் பதிப்பு 1987 இல் வந்தது. அக்காலத்துக்கேற்ப, ஒரே திரையில் ஓடும் நிரல்கள் யாவும் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் அது அமைந்தது. ஒரு நிரல் இன்னொரு நிரலின் சாளரத்தைப் படமெடுக்கலாம். நீங்கள் எந்தச் சாளரத்தில் தட்டினாலும் விசைகளைக் கவனிக்கலாம். ஒரே குடும்பம் வாழும் வீட்டில் அறைகளுக்குத் தாழ்ப்பாள் போடாமல் இருப்பது போன்றது அது. அவ்வீட்டில் திரைப் பகிர்வு மிக எளிது. நிறுவிய செயலி நேரே திரையை எடுத்து அனுப்பிவிடும். ஆனால் பகிராத நேரத்திலும் அது திரையைப் பார்க்க முடியும் என்பதை எத்தனை பேர் அறிவர்? உங்கள் மதிப்பெண் பட்டியல் திறந்திருக்கலாம். வங்கிக் கணக்கும் திறந்திருக்கலாம்.

2008 இல் தொடங்கிய ‘வேலேண்டு’ என்னும் புதிய முறை ஒவ்வோர் அறைக்கும் தாழ்ப்பாள் போட்டது. அதில் ஒரு நிரல் தன் சாளரத்தை மட்டுமே காணும். திரையைப் பகிர வேண்டுமானால், நிரல் இயங்குதளத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இயங்குதளம் உங்களிடம் ‘எந்தச் சாளரத்தைக் காட்டலாம்?’ என்று கேட்கும்; நீங்கள் தேர்ந்த சாளரத்தின் காட்சி மட்டும் ‘பைப்வயர்’ என்னும் குழாய் வழியே அந்நிரலுக்குச் செல்லும். உபுண்டு 2021 ஏப்ரலில் வெளியிட்ட 21.04 பதிப்பிலிருந்து வேலேண்டை முதன்மையாக்கியது.

அந்த மாற்றத்தின்போதுதான் பல வகுப்புகளில், ‘ஐயா, உங்கள் திரை கறுப்பாகத் தெரிகிறது’ என்ற குரல் எழுந்தது. பழைய வீட்டின் பழக்கத்தில் எழுதிய செயலிகள் புதிய வீட்டில் கதவைத் தட்டத் தெரியாமல் நின்றன. உலாவிகளை ஆக்குவோர் பைப்வயர் வழியைத் தம் நிரலில் சேர்த்துக்கொண்டனர். எலக்ட்ரான் செயலிகள் பலவற்றுக்கு அது காலந்தாழ்ந்தே வந்தது. ஸூம் முதலில் நோம் மேசைத்தளத்தின் திரைப்பட வசதி ஒன்றைக் குறுக்குவழியாகப் பயன்படுத்திப் பார்த்தது. 2021 இல் வந்த நோம் 41 ஆம் பதிப்பு, பாதுகாப்புக் கருதி அந்தக் குறுக்குவழியை அடைத்தது. பின்னரே ஸூம் பைப்வயர் வழிக்கு வந்து சேர்ந்தது. உங்கள் கணினியில் இன்றும் திரை கறுப்பாகத் தெரிந்தால், அமைப்புகளில் ‘கணினியைப் பற்றி’ என்னும் பகுதிக்குச் சென்று, சாளர முறை எது என்று பாருங்கள். வேலேண்டு என்றிருந்தால், அதே கூட்டத்தை உலாவியில் திறந்து பகிர்ந்து பார்ப்பதே நான் பரிந்துரைக்கும் முதல் மருந்து.

உலாவிக்கு இன்னொரு பண்பும் உண்டு. அது தன்னுள் ஓடும் பக்கத்தை ஐயத்தோடுதான் நடத்தும். ஒவ்வொரு தளமும் கேமராவுக்குத் தனியே அனுமதி பெற வேண்டும். தாவலை மூடினால் எல்லாம் முடிந்தது. நிறுவு பதிப்பு அப்படியன்று. லினக்ஸில் பொதியை நிறுவும்போது நிருவாகக் கடவுச்சொல்லைக் கொடுக்கிறோம். அந்நொடியில் பொதிக்குள் இருக்கும் கட்டளைகள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. 2019 இல் ஸூமின் மேக் பதிப்பு, பயனருக்குச் சொல்லாமல் கணினியில் ஒரு சிறு வலை வழங்கியை அமைத்திருந்தது வெளிப்பட்டது. செயலியை நீக்கிய பின்னும் அது தங்கியிருந்தது. ஆப்பிள் நிறுவனமே முன்வந்து அதை அகற்ற வேண்டியதாயிற்று. அது லினக்ஸில் நிகழ்ந்ததன்று. ஆயினும் நிறுவும் உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு அஃது ஒரு சான்று. ஃபிளாட்பேக், ஸ்நாப் ஆகிய பொதி முறைகள் நிறுவு பதிப்பையும் ஓரளவு அடைத்துவைக்கின்றன; அது நல்ல திசை. பள்ளிக் கணினிக் கூடத்திலோ மாணவரிடம் கடவுச்சொல்லே இராது. அங்கே இவ்விவாதத்துக்கு இடமில்லை. உலாவி ஒன்றே வழி.

இதுவரை உலாவியின் பக்கம் நின்று பேசினேன். மறுபக்கத்தையும் பேச வேண்டும். தமிழாசிரியர் பொருட்படுத்த வேண்டிய குறை ஒன்று அங்கே இருக்கிறது.

அது ஒலி. கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்கு ஆசிரியர் ஓர் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்கிறார். கணினியிலிருந்து எழும் ஒலியை நேரே மாணவர்க்கு அனுப்ப வேண்டும். ஒலிபெருக்கியில் ஒலித்து, ஒலிவாங்கி அதைக் கேட்டு, மீண்டும் அனுப்பினால், எதிரொலி நீக்கும் நுட்பம் அதை ‘எதிரொலி’ என்று கருதிக் கடித்துக் குதறிவிடும். நிறுவு பதிப்பில் ‘ஒலியையும் பகிர்க’ என்று ஒரு தெரிவு இருக்கும். கணினியின் முழு ஒலியும் சென்றுவிடும். லினக்ஸில் உலாவிப் பதிப்புக்கு அவ்வளவு வலிமை இல்லை. குரோமில் ஒரு தாவலின் ஒலியை மட்டும் பகிரலாம்; ஃபயர்ஃபாக்ஸில் திரைப் பகிர்வோடு ஒலி செல்வதில்லை. ஆகவே, உலாவியைப் பயன்படுத்தும் ஆசிரியர் ஒலிக்கோப்பைக் குரோமின் ஒரு தாவலில் திறந்து, அந்தத் தாவலையே ஒலியோடு பகிர வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தால் குறை பெரிதாகத் தோன்றாது. தெரியாவிட்டால் ஒரு பயிற்சித் தேர்வே பாழாகும்.

மாணவரின் உச்சரிப்பைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். பழைய தொலைபேசி, நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளையே கடத்தியது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் அடையாளம் பெரிதும் அதற்கு மேலே இருப்பதால் அவை அங்கே ஒன்றோடொன்று குழம்பின. வெப்ஆர்டிசி கட்டாயமாக ஏற்கும் ‘ஓப்பஸ்’ என்னும் ஒலிக் குறிமுறை 2012 இல் தரமாக்கப்பட்டது. மனிதச் செவி கேட்கும் எல்லை முழுவதையும் அது கடத்த வல்லது. ஆகவே உலாவி என்பதால் ஒலித்தரம் குறையும் என்ற அச்சம் வேண்டா. ழகர ளகர வேறுபாடு கெடுவது வேறு காரணங்களால்: ஒலிவாங்கி வாயிலிருந்து தொலைவில் இருப்பது, இணையம் அறுந்து அறுந்து வருவது, இரைச்சல் நீக்கி மிகையாக வேலை செய்வது. இரைச்சல் நீக்கிக்குப் பேச்சு தெரியும், இசை தெரியாது. மாணவர் பண்ணோடு பாடலைப் பாடினால், நீட்டி நிற்கும் ஓசையை அது விசிறியின் ஓசை என்று எண்ணி அடக்கிவிடும். அதை நிறுத்திவைக்கும் அமைப்புகள் நிறுவு பதிப்பில் கூடுதலாகவும் எளிதாகவும் கிடைக்கும். செய்யுள் ஒப்புவித்தலோ பாட்டோ நடத்தும் ஆசிரியர், தம் அளவில் நிறுவு பதிப்பை வைத்திருப்பதில் தவறில்லை என்பேன். ஆசிரியர் நிறுவுவது வேறு. மாணவர் அனைவரையும் நிறுவச் சொல்வது வேறு.

கணினி சூடாகி விசிறி இரைவது பற்றியும் ஒரு சொல். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு கணினியும் தன் காட்சியை ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் உள்ள வழங்கி அதை மற்றவர்க்குப் பிரித்துக் கொடுக்கிறது. அனுப்புவது ஒன்று, பெற்று விரித்துக் காட்டுவது இருபது, இருபத்தைந்து. அந்த விரிக்கும் வேலையை விண்டோஸிலும் மேக்கிலும் வரைகலைச் சில்லு ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் உலாவிகளில் நெடுங்காலம் அவ்வேலை மையச் செயலகத்தின் தலையிலேயே விழுந்தது; நிலைமை அண்மையில்தான் மாறி வருகிறது. பழைய கணினியில் இருக்கும் மாணவர், எல்லா முகங்களையும் காட்டும் கட்டக் காட்சியை விட்டு, பேசுபவர் மட்டும் தெரியும் காட்சிக்கு மாறினால் சுமை பெரிதும் குறையும். பின்னணியை மங்கலாக்கும் வசதியையும் அவர் நிறுத்திவிட வேண்டும். ‘கேமராவைப் போடு’ என்று வற்புறுத்துவதற்கு முன் இதை ஆசிரியர் நினைத்துப் பார்க்கலாம்.

உரையாடல் பெட்டியில் தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றி ஒரு வரி: உலாவியில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 இயல்பாக வரும், வேலேண்டில் நேரடியாக ஓடும் சில எலக்ட்ரான் செயலிகளில் உள்ளீட்டு முறைக்குத் தனித் தெரிவை இயக்கினால்தான் வரும்.

உலாவிப் பதிப்பு என்றால் எல்லாம் திறந்த வெளி என்றும் எண்ணிவிட வேண்டா. எழுத்துருவின் கதையை நினைவுகூருங்கள். யூனிகோடு வென்றது, அது எந்த நிறுவனத்தின் தனிச்சொத்தும் அன்று என்பதால். வலைத்தரமும் அப்படி இருந்தால்தான் அதன் பயன் நமக்கு. 2019 இல் ஸ்கைப்பின் வலைப்பதிப்பு, குரோமையும் எட்ஜையும் மட்டும் ஏற்று ஃபயர்ஃபாக்ஸைக் கைவிட்டது. டீம்ஸின் வலைப்பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்கள் அழைப்புகளில் முழுமையாகச் சேரப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. குரோமும் எட்ஜும் ஒரே குரோமியம் எந்திரத்தில் ஓடுபவை. ஆக, ‘உலாவியில் திறக்கும்’ என்பதன் பொருள் ‘ஒரே எந்திரத்தில் திறக்கும்’ என்று சுருங்கினால், பழைய தளை புதிய பெயரில் திரும்பி வருகிறது. லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் முதலில் இருப்பது ஃபயர்ஃபாக்ஸ். ஆகவே ஒரு காணொளித் தளம் பொதுத்தரத்தை மதிக்கிறதா என்று அறிய நான் வைத்திருக்கும் உரைகல் எளியது: ஃபயர்ஃபாக்ஸில் திறந்து, கேமரா, ஒலி, திரைப் பகிர்வு மூன்றும் இயங்குகின்றனவா என்று பார்ப்பேன். இயங்கினால் அத்தளத்தை வகுப்புக்கு எடுத்துக்கொள்ளத் தயக்கமில்லை.

ஆசிரியர்கள் கையில் இருக்கும், பலரும் அறியாத ஒரு திறவுகோலைச் சொல்லி என் உரையை நிறைவு செய்கிறேன். ஸூமில் கூட்டம் நடத்துவோரின் கணக்கு அமைப்புகளில், ‘உலாவியிலிருந்து சேர்க’ என்னும் இணைப்பை மாணவர்க்குக் காட்டலாமா என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது அணைந்திருந்தால், மாணவரின் திரையில் பதிவிறக்கும் பொத்தான் முன்னிற்கும். உலாவி வழி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். இயக்கியிருந்தாலும் அது சிறிய எழுத்தில், பக்கத்தின் அடியில்தான் தோன்றும். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் கணக்கைத் திறந்து அத்தெரிவை இயக்குங்கள். அடுத்த வகுப்புக்கான அழைப்பில், இணைப்புக்குக் கீழே, ‘எதையும் நிறுவத் தேவையில்லை, உலாவியிலேயே சேரலாம். சேர முடியாவிடில் வகுப்புக்கு முதல்நாளே எனக்குத் தெரிவிக்கவும்’ என்று தமிழில் இரண்டு வரி சேருங்கள். மாணவர்களே, லினக்ஸ் கணினியில் இருந்து சேர்பவராயின் அந்த முதல்நாளிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எது இயங்கவில்லை என்று குறித்து அனுப்புங்கள்.